முட்டை போடாத பிஸ்கட்

சிட்னியில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு வீட்டில் கூடினால் ஊரே கூடிவிட்டது என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் இப்போது முழங்கால் நோவும் கொலஸ்ட்ரோல் மாத்திரையும் வந்துவிட்டன. போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் அன்சாக் பிஸ்கட் தட்டு கைமாறி வந்தபோது, என் பக்கத்தில் இருந்தவர், "இதைத்தான் முதலாம் உலகப்போரிலை அம்மாமார் கப்பலிலை அனுப்பினவை" என்று தன் பேத்திக்கு விளக்கம் சொன்னார். நான் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டேன். தொடங்கினால் கேக் வெட்டும் வரை முடிக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். அங்கே விழுங்கியதை இங்கே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஹோம்புஷ் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றின் நடுமாடியில் இருந்தோம். அப்பா எஞ்சினியர். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும், பேச நாக்கு எழும்பாது. அதனால் ஒன்பது வயதிலேயே நான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் அதன் முதுகில் இருக்கும் பொடி எழுத்தை வாசித்து, முட்டை இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதும் என் வேலைதான்.

அம்மா சுத்த சைவம். மீன், இறைச்சியை விடுங்கள், முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொட மாட்டார். இந்த நாட்டிலோ கேக்கில் முட்டை, பிஸ்கட்டில் முட்டை, பாண் ரொட்டியின் மினுக்கத்திலும் முட்டை. யார் வீட்டுக்குப் போனாலும் அம்மா வெறும் தேத்தண்ணியோடு கதிரை நுனியில் இருப்பார். சாப்பிட மறுத்தால் நட்பு எப்படி வளரும்? வந்து ஒன்றரை வருடமாகியும் அம்மாவுக்கென்று ஒரு சிநேகிதி இல்லை. அது எவ்வளவு பெரிய தனிமை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு நேர் கீழே எழுபதை எட்டும் வயதில் ஒரு வெள்ளைக்கார அன்ரி தனியே இருந்தார். கலியாணம் செய்யாதவர். சிரிப்பென்பது மருந்துக்கும் இல்லை. அம்மா உரலில் மிளகாய் இடித்த சத்தத்துக்குச் சண்டை பிடிக்கத்தான் முதன்முதலில் எங்கள் படியேறி வந்தார். அவர் என்ன சொல்கிறார் என்று நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அம்மா ஒரு தட்டில் சூடான உழுந்து வடையை நீட்டிவிட்டார். கோபத்தோடு வந்தவர் வடையோடு இறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து, அதே தட்டையும் ஒரு தகரப் பிஸ்கட் பேணியையும் கொண்டுவந்து தந்தார்.

பேணியைத் திறந்ததும் வந்த வாசம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. பட்டரும் காய்ச்சிய சீனிப்பாணியும் வறுத்த தேங்காய்ப்பூவும் கலந்த வாசம். ஓரம் மொறுமொறுவென்றும் நடு இழுவையாகவும் இருக்கும் பொன்னிற வட்டங்கள்.

"முட்டை போட்டதோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். அன்ரி பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் அம்மாவுக்குச் சொன்ன தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"நான் முட்டை போடுறேல்லை. ஒருநாளும் போடுறேல்லை." வெடுக்கென்று சொன்னார்.

அம்மா ஒரு துண்டைக் கடித்தார். இந்த மண்ணில் பிறர் கையால் செய்த பண்டம் அம்மா வாயில் போனது அதுதான் முதல் தடவை. "தேங்காய்ப்பூவும் பாணியும்! இவவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று அதிசயப்பட்டு இரண்டாவதையும் எடுத்தார்.

அன்றிலிருந்து அந்தப் பேணி படியேறுவதும் இறங்குவதுமாக இருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இல்லையல்லவா? கீழே போகும்போது முறுக்கு, மேலே வரும்போது பிஸ்கட். சனிக்கிழமைகளில் இருவரும் கீழ்வீட்டு மேசையில் எதிரெதிரே இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். நடுவில் நான். நான் விளையாடப் போய்விட்டாலும் பேசாமலே ஒரு மணித்தியாலம் இருப்பார்கள்.

எனக்கோ ஒரே ஒரு கேள்வி. எல்லாரும் முட்டை போடும் ஊரில் இந்தப் பிஸ்கட்டில் மட்டும் ஏன் இல்லை? பதில் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அப்படி ஒரு பிறவி நான்.

ஏப்ரல் தொடங்கியதும் பள்ளிக்கூடத்தில் பதில் கிடைத்தது, அல்லது கிடைத்ததாக நினைத்தேன். முதலாம் உலகப்போரில் செத்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரரை நினைக்கும் அன்சாக் நாள் இருபத்தைந்தாம் திகதி வருகிறது என்று ரீச்சர் வகுப்பிலேயே அன்சாக் பிஸ்கட்டுக்கு, அன்ரி தருகிற அதே ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு, மாக் குழைக்க வைத்தார். அப்பச்சோடாவைக் கொதிநீரில் கரைத்து, உருக்கிய பட்டரிலும் கோல்டன் சிரப் என்ற பாணியிலும் ஊற்ற, அது நுரைத்துப் பொங்கியது. நாங்கள் எல்லாரும் கூச்சல் போட்டோம். போருக்குப் போன பிள்ளைகளுக்காக அம்மாமார் இதைச் செய்து அனுப்பினார்கள், கப்பலில் மாதக்கணக்காகக் கிடந்தும் கெடாமல் இருக்க முட்டை சேர்க்கவில்லை, முட்டைக்கும் அப்போது தட்டுப்பாடு என்றார் ரீச்சர்.

நான் கையை உயர்த்தினேன். "அது அவைக்குப் போய்ச் சேர்ந்ததெண்டு எப்படித் தெரியும்?"

"சேராமல்?" என்றார் ரீச்சர். அந்தத் தவணை அறிக்கையில் 'அளவுக்கு மீறிக் கேள்வி கேட்கிறாள்' என்று எழுதியிருந்தார். அப்பா அதைக் குற்றமென்று எடுத்து என்னை ஏசினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ரீச்சரின் விளக்கத்தை ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

"விசர். அது திவசப் பலகாரம்."

அம்மாவின் நியாயம் இதுதான். செத்தவர்களுக்காக ஒரு நாள். அன்றைக்கு விடிய முதல் எழும்பி, சத்தமில்லாமல் கூடி நின்று, பூ வைக்கிறார்கள். அந்த நாளுக்கென்றே ஒரு பலகாரம், அதில் முட்டை இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? "இவையளும் செத்தவைக்குச் சைவம்தான் படைக்கினம். நாங்கள்தான் தெரியாமல் இருந்திட்டம்" என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னார். அன்சாக் நாளில் தெருவுக்குத் தெரு சொசேஜ் பொரிக்கும் வாசம் வரும் என்று அப்பாவுக்குத் தெரியும். என்றாலும் தலையாட்டிவைத்தார்.

இரண்டு பதில்கள், இரண்டும் பொருந்தவில்லை. கீழே போய் அன்ரியையே கேட்டேன். அவர் வீட்டு அலுமாரியின் மேல், ஒரு பக்கம் மடித்த தொப்பியோடு ஒரு இளைஞரின் படம் இருக்கும். துருக்கிக் கரையில் போரில் செத்துப்போன அண்ணன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"உங்கடை அண்ணாவுக்கு இந்தப் பிஸ்கட் அனுப்பினனீங்களோ?"

"ஆர் சொன்னது?"

"ரீச்சர்."

"ரீச்சர் அப்ப பிறக்கவேயில்லை. நாங்கள் அனுப்பினது பழக் கேக்கும் காலுறையும். ஓட்ஸ் பிஸ்கட் செய்தது உண்மைதான். தேவாலய மண்டபத்திலை போர் நிதிக்கு வித்தம். வாங்கினவை தங்கடை வீட்டிலை இருந்து திண்டவை. அண்ணா திண்ட பிஸ்கட் வேறை."

எழும்பிப் போய்ப் பழைய புகையிலைப் பேணி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே, துணியில் சுற்றிய சதுரத் துண்டு. கூரை ஓடு போலக் கனம், முழுக்கச் சிறு துளைகள். மாவும் தண்ணீரும் உப்பும் மட்டும்தானாம். கடித்தால் பல் போகும், கல்லால் இடித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சுவார்களாம். எழுதக் கடதாசி கிடைக்காத சிலர் அதையே தபால் அட்டையாக்கி வீட்டுக்கு அனுப்பினார்களாம். நான் அதைக் கையில் வாங்கினேன். ஒரு பக்கம் பென்சிலில் அன்ரியின் பெயரும் விலாசமும். மறுபக்கம் ஒரே ஒரு வரி: 'கோழிகள் இப்போது முட்டையிடுகின்றனவா?'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்க்களத்திலிருந்து பிஸ்கட்டில் கோழிச் சுகம் விசாரித்தால் எந்தப் பிள்ளைதான் சிரிக்காது? விழுந்து விழுந்து சிரித்தேன்.

அன்ரி அதை என் கையிலிருந்து பறித்தார். முகம் சிவந்து போயிருந்தது. "வீட்டை போ" என்றார். நான் படியேறும்போது கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

பிறகு பேணி வரவில்லை. முதலாவது சனி போனது, இரண்டாவது சனியும் போனது. அம்மா முறுக்குச் சுட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தார். "நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?" என்று அப்பாவைக் கேட்டார். உரலைக்கூட மடித்த துவாயின் மேல் வைத்து இடிக்கத் தொடங்கினார். பிழை விட்டது நான்தான் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அம்மாவுக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே ஒரு சிநேகிதியை என் சிரிப்புத் துரத்திவிட்டது. அந்த இரண்டு கிழமையும் நான் பட்ட பாட்டை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இருபத்தைந்தாம் திகதி காலை. ரிவியில் கிழவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போனார்கள். அம்மா தலைமுழுகிவிட்டுக் குசினியில் நின்றார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், வடை, பாயாசம்.

"ஆருக்கு?" என்றார் அப்பா.

"கீழ்வீட்டு அண்ணருக்கு. இவ்வளவு காலமும் ஆர் அந்தப் பெடியனுக்குப் படைச்சிருப்பினம்? திதி தெரியாட்டிலும், நாடே சேர்ந்து ஒரு நாளைக் குறிச்சு வைச்சிருக்குது."

வாழையிலைக்கு எங்கே போவது? பெரிய பீங்கான் தட்டொன்றில் எல்லாவற்றையும் பரப்பி, நடுவில் கடையில் வாங்கிய ஓட்ஸ் பிஸ்கட் இரண்டையும் வைத்து, என்னை முன்னே நடக்க விட்டார். அன்ரி கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா உங்கடை அண்ணாவுக்குச் சாப்பாடு கொண்டந்திருக்கிறா" என்றேன்.

"அண்ணா செத்துப்போனார்."

"ஓம், அதுக்குத்தான்."

அன்ரி விலகி வழி விட்டார். அம்மா படத்தை அலுமாரியிலிருந்து இறக்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, மேசையில் சுவரோடு சாத்தி, முன்னால் தட்டை வைத்தார். அன்ரி தட்டைப் பார்த்தார். பிஸ்கட்டைக் கண்டதும் எதிர்பாராமல் ஒரு சிரிப்பு வந்தது.

"அண்ணாவுக்கு ஓட்ஸைக் கண்ணிலை காட்டக்கூடாது. காலமைக் கஞ்சியை நாய்க்கு ஊத்திப்போட்டு ஓடியிடுவார். தேங்காய்ப்பூவெண்டால் என்னெண்டே தெரியாது. இந்தப் பிஸ்கட்டுக்குள்ளை தேங்காய்ப்பூ வந்ததே சண்டை முடிஞ்ச பிறகுதான்."

நான் மொழிபெயர்த்ததும் அம்மா திகைத்துப் போனார். படையலில் செத்தவர் விரும்பிச் சாப்பிட்டது ஒன்றாவது இருக்க வேண்டும். அதில்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பலனில்லை என்பது அம்மாவின் கணக்கு.

"அப்ப அவருக்கு என்ன விருப்பம் எண்டு கேள்."

கேட்டேன். அன்ரி படத்தைப் பார்த்தார். அறுபது வருடங்களாக அவரை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருப்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"முட்டை" என்றார். கதிரையில் இருந்து அழத் தொடங்கினார்.

இன்றைக்கு நம் ஆட்கள் தெருத் தெருவாக வீடு வாங்கியிருக்கும் கிரவீன் பக்கம்தான் அவர்கள் தோட்டம் இருந்ததாம். வீட்டில் பத்துக் கோழி. அண்ணன் காலையில் ஒரு பொரித்த முட்டை சாப்பிடாமல் படலையைத் தாண்ட மாட்டார். படை முகாமுக்குப் போகும் நாள், முட்டை எடுத்துவரச் சொல்லித் தாய் இவரைக் கோழிக்கூட்டுக்கு அனுப்பினார். இவருக்கு அப்போது என் வயது.

"ரெண்டு முட்டை கிடந்தது. வைக்கோலுக்குள்ளை ஒளிச்சுப்போட்டு, கோழி இண்டைக்கு இடேல்லை எண்டு வந்து சொன்னனான். முட்டை இல்லாட்டி அண்ணா போகமாட்டார் எண்டு நினைச்சன். அவர் வெறும் பாணும் தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போட்டார்."

எட்டு மாதம் கழித்து அந்தக் கல் பிஸ்கட் வந்தது. அதற்குப் பின் பாதிரியார் வந்தார், தந்தியோடு.

"அண்ணா கடைசியா என்னைக் கேட்டது அதுதான். கோழி முட்டை இடுதோ எண்டு. நான் அதுக்குப் பிறகு முட்டை திண்டதில்லை. என்ரை வீட்டுக்குள்ளை முட்டை வந்ததும் இல்லை. இது ஒருத்தருக்கும் தெரியாது."

சொல்ல முடியாமல் நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த வரிக்கா நான் அப்படிச் சிரித்தேன்? "சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். முடிந்த கையோடு நான் சிரித்த கதையையும் அம்மாவிடம் கக்கிவிட்டேன். அம்மா என் தலையில் கையை வைத்தார், ஏசவில்லை. பிறகு அன்ரியிடம் நேராகவே, தமிழில் சொன்னார்:

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு, நீங்கள்தான் ஒளிச்சனீங்கள் எண்டு. கோவமெண்டால் பகிடி விட்டு எழுதுவாரே? எனக்கும் ரெண்டு அண்ணன்மார். அவை அப்பிடித்தான் கேப்பினம்."

நான் சொன்னதும் அன்ரி நிமிர்ந்து பார்த்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்ப விரும்பினார் என்று மட்டும் தெரிந்தது.

ரீச்சர் சொன்னது பிழை, அம்மா நினைத்ததும் பிழை. பின்னாளில் நானே தேடித் தேடி வாசித்தபோது அன்ரியின் பேச்சில்தான் உண்மை கூட இருந்தது. அந்த இனிப்புப் பிஸ்கட்டுகளில் பெரும்பகுதி கடல் கடக்கவே இல்லை. ஆனால் நாடு முழுவதற்கும் பொருந்தாத அம்மாவின் திவசக் கதை, எங்களுக்குக் கீழே இருந்த இந்த ஒருவருக்கு மட்டும் அப்படியே பொருந்தியது.

அம்மா எழும்பினார். "மேல்மாடியிலை போய் ஒரு முட்டை வாங்கிக்கொண்டு வா. அப்பாவையும் வரச்சொல்லு."

மேல்மாடியில் குடியிருந்த பஸ் டிரைவர் காரணம் கேட்காமலே ஒன்றைத் தந்தார். அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இறங்கினேன். அன்ரியின் அடுப்பில் அன்ரியின் தாச்சி காய்ந்துகொண்டிருந்தது. தன் குசினி என்றால் அம்மா இதற்கு ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டார். அப்பா வாசலில் நின்று, "விளிம்பிலை மெல்லத் தட்டவேணும். பட்டர் நுரைச்ச பிறகுதான் ஊத்தவேணும். நெருப்பைக் குறையும்" என்று வரிசையாகச் சொன்னார்.

அம்மா திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கந்தோர்க் கன்ரீனிலை... பாத்தனான்."

வேறு நாளென்றால் அன்று வீட்டில் பூகம்பம்தான். அம்மா முட்டையைக் கையில் எடுத்தார். "தாரும், நான் செய்யிறன்" என்று அப்பா கையை நீட்டினார்.

"இல்லை. படைக்கிறவைதான் சமைக்கவேணும்."

அம்மா முட்டையைத் தாச்சி விளிம்பில் தட்டினார். முதல் தட்டில் உடையவில்லை. இரண்டாவதில் உடைந்து, கோதுத் துண்டொன்றும் சேர்ந்து விழுந்தது. அதை நகத்தால் எடுத்தார். வாசம் எழும்பியதும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அகப்பையை விடவில்லை. நாற்பது வயதுவரை காத்த ஒன்றை ஒரு அந்நியப் பெடியனுக்காக அம்மா விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை.

பிஸ்கட் இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் முட்டையை வைத்தார். கற்பூரம் காட்டி, தட்டைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, எல்லாரையும் வெளியே வரச்சொல்லிக் கதவைச் சாத்தினார். நாலு பேரும் படிக்கட்டில் நின்றோம். தன் வீட்டுக்கு வெளியே எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று அன்ரி என்னிடம் கேட்டார்.

"அவர் ஆறுதலாச் சாப்பிடட்டும்" என்றார் அம்மா.

அன்ரி தலையாட்டிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார். சற்றுப் பொறுத்து அம்மா கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். அன்ரியைக் கதிரையில் இருத்தி, தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இனி நீங்கள் சாப்பிடவேணும். கூடப்பிறந்தவை சாப்பிடாட்டிப் படைச்சது நிறையாது."

அன்ரி முள்ளுக்கரண்டியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பு இல்லை" என்றார்.

படைக்கும் சாப்பாட்டை உப்புப் பார்ப்பதில்லை. முட்டைக்கு உப்புப் போடவேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியவும் தெரியாது. நான் சொன்னதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அன்ரி தானே எழும்பிப் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்தார். தூவிக்கொண்டு, தட்டில் ஒரு துளி மஞ்சள் கருவும் மிஞ்சாமல் சாப்பிட்டு முடித்தார்.